கப்பல் கிடைச்சா கர்த்தர் சித்தமாலே?

ஏலே பேராண்டி, செருப்பக் கழத்திப் போட்டுட்டுத் திண்ணையில ஏறி இரி. முகத்தப் பாத்தாலே தெரியுது, ஜெபக் குறிப்போட வந்திருக்கன்னு. கனடாவுல வேல கிடைச்சாச்சு, விசா வந்தாச்சு, டிக்கட்டும் போட்டாச்சு. இப்ப அது ஆண்டவர் சித்தந்தானான்னு சின்னத்தாத்தா ஜெபிச்சுச் சொல்லணும். அப்பிடித்தான? டிக்கட்டு எடுத்த பெறவு சித்தம் கேக்கிற புத்தி யார்ட்டேர்ந்து வந்துச்சுன்னு நான் யோசிக்க வேண்டிய வேலையே இல்ல. ஒங்கப்பன் புள்ளதான நீ.

"வாசல் திறந்திருக்கு தாத்தா, அதான் அடையாளம்"ங்க. சரிலே. யோனா யோப்பாவுக்குப் போனானே, அங்க வாசல் எப்பிடி இருந்துச்சாம்? கப்பல் தயாரா நின்னுச்சு. அதுவும் அவன் போக நினைச்ச தர்ஷீசுக்கே போற கப்பல். கூலி குடுக்கக் கையில துட்டும் இருந்துச்சு. ஏறி அடித்தட்டுல படுத்ததும் நல்ல தூக்கமும் வந்துச்சு. "ஜெபிச்சேன், உள்ளத்துல ஒரு சமாதானம்"னு சொல்லுதீங்களே, அந்தச் சமாதானமும் அவனுக்குக் கிடைச்சிருக்கு பாத்துக்கோ. இவ்வளவு வசதி நம்ம சேகரத்துல எவனுக்கும் ஒருசேர அமையல. நம்ம ஆளா இருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமையே எழும்பி நின்னு சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டிருப்பான். குறை ஒண்ணே ஒண்ணுதான். ஆண்டவர் போகச் சொன்னது நினிவேக்கு. அது கிழக்க, தரைவழி. இவன் ஏறுனது மேக்க போற கப்பல்.

உடனே மூஞ்சியத் தூக்காத. கனடாவுக்குப் போகாதன்னு நான் சொன்னனா? போ. ரெண்டு கம்பளிச் சட்ட கூட எடுத்துக்கோ. ஆண்டவருக்குக் கனடாவும் ஒண்ணுதான், கயத்தாறும் ஒண்ணுதான். நான் கேக்கிறது அந்தக் கப்பல் கூலி சமாச்சாரம். அதுக்குப் பெறவு வாறேன்.

ஒங்க வீட்டுல சித்தம் அறியிற முறைய நான் அம்பது வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வருசப் பிறப்பு ராத்திரி ஆராதனையில வாக்குத்தத்த அட்ட எடுக்காவல்லா, ஒங்கம்மா எடுத்தது கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சுன்னு வை, ஒங்க தங்கச்சி பேரச் சொல்லி இன்னொண்ணு எடுத்துருவா. எது நல்லாருக்கோ அது பீரோவுல ஏறிரும். அச்சடிக்கவன் அவளவிடக் கெட்டிக்காரன். வேலைக்காரன் கூலியப் பிடிச்சு வைக்காத, எல்லைக் கல்ல நகட்டாதன்னும் அந்த வேதத்துலதான் எழுதியிருக்கு. அத எந்த அட்டையிலயாவது போட்டிருக்கானா? போட்டா ஒருத்தன் தொடமாட்டான், அட்டயெல்லாம் தட்டுலயே கிடக்கும்னு அவனுக்குத் தெரியும்.

ஒங்க மாமன் இன்னொரு ரகம். கண்ண மூடிக்கிட்டு வேதத்தத் திறந்து விரல வைப்பான். விரல் வம்ச அட்டவணையில போய் நின்னா, "இது இல்ல"ன்னு மூடிட்டு மறுபடி திறப்பான். ஆசீர்வாதம் வாற வரைக்கும் திறந்து மூடிக்கிட்டே இருப்பான். கலியாணப் பேச்சு வந்தா சொல்லவே வேண்டாம். பையன் வீட்டுல ரொக்கம் பத்தலன்னு சொல்ல வெக்கப்பட்டு, "ஜெபிச்சுச் சொல்லுதோம்"னு அனுப்பி விடுதாவ. ஜெபிக்கது ஆரு? அப்பறம் கூடுதலா பத்துப் பவுன் வந்தா, ஜெபத்துக்குப் பதிலும் வந்துருது.

இதுக்கெல்லாம் மூத்தவன் பிலேயாம். மோவாப் ராசா பாலாக் ஆள் அனுப்புதான், இஸ்ரவேலச் சபிக்க வான்னு. பிலேயாம் கேக்கான், ஆண்டவர் போகாதங்காரு. வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. முடிஞ்சிச்சா? ராசா இன்னும் பெரிய பிரபுக்களா, இன்னும் பெரிய வெகுமதியோட அனுப்புதான். இப்ப பிலேயாம் என்ன சொல்லணும்? கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு, எழும்பிப் போங்கன்னு சொல்லணும். அவன் சொன்னது, ராத்திரி தங்குங்க, இன்னொரு தடவ கேட்டுப் பாக்கேன்னு. தொகை ஏறுனதும் ஆண்டவர் மனசும் மாறியிருக்கும்னு ஒரு நெனப்பு. கடைசியில அவனுக்குப் புத்தி சொல்லக் கழுதைக்கு வாய் திறக்க வேண்டியதாப் போச்சு. ஒனக்கு நான் இருக்கேன், கழுத தேட வேண்டாம்.

கிதியோனச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு பாக்காத. தோல் நனையணும், தர காயணும், பெறவு தோல் காயணும், தர நனையணும்னு ரெண்டு தடவ அடையாளம் கேட்டான், வாஸ்தவந்தான். கேட்டது வழி தெரியாமலா? போன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. பயத்துல கேட்டான். அதுலயும் ரெண்டாந்தடவ கேக்கும்போது, கோவிச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வாயத் திறந்தான். ஒனக்கு அந்தப் பயமும் இல்ல, அந்த மரியாதையும் இல்ல.

இப்பக் கூலிக்கு வருவோம்.

கனடாவுக்குப் போற செலவுக்குத் துட்டு எங்கேர்ந்துலே வந்துச்சு? ஒங்கப்பன் காத்தாடிக் கம்பெனிக்காரன்ட்ட அட்வான்ஸ் வாங்குன துட்டு. எதுக்கு அட்வான்ஸ்? தேரியோரத்து விளைக்கு. அந்த விள ஆரு பேர்ல இருந்துச்சு? எங்க அண்ணன் பேர்ல. அண்ணன் உயில் எழுதாம செத்தான். மதினியும் போயிட்டா. இருக்கது ரெண்டு பிள்ளைக: ஒங்கப்பனும், அந்தச் சாத்தான்குளம் பக்கம் கட்டிக் குடுத்த ஒன் அத்தையும். அத்தைகிட்ட ஒரு விடுதலப் பத்திரம் நீட்டியிருக்கானாமே ஒங்கப்பன்? "எனக்கு எந்தப் பாத்தியமும் இல்ல, மனப்பூர்வமா விட்டுக் குடுக்கேன்"னு அவ கையெழுத்துப் போடணுமாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்திருக்கான், அந்த மனப்பூர்வத்துக்கு.

இதுல ஆண்டவர் சித்தம் என்னன்னு கேட்டா, "ஜெபத்துல வச்சிருக்கோம் சித்தப்பா"ங்கான் என்ட்ட. எத்தன வருசமா வச்சிருக்கான்! ஊறுகாகூட அவ்வளவு நாள் தாங்காது.

எண்ணாகமத்துல இருபத்தேழாம் அதிகாரத்த ஒங்கப்பன் வாசிச்சதே இல்லையா? செலொப்பியாத்துன்னு ஒருத்தன் வனாந்தரத்துல செத்துப் போறான். அஞ்சு பொம்பளப் பிள்ளைக. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். பேரு அஞ்சும் வேதத்துல இருக்கு பாத்துக்கோ. அஞ்சும் சேந்து, மோசே, ஆசாரியன், பிரபுக்கள், மொத்த சபைக்கும் முன்னால வந்து நின்னு, எங்கப்பன் பங்க எங்களுக்குத் தாங்கன்னு கேக்குதுக. மோசே என்ன செஞ்சான்? கமிட்டி போடல. சேல எடுத்துக் குடுக்கல. நேரா ஆண்டவர்ட்ட கொண்டு போய்க் கேட்டான். அவரும், அந்தப் பிள்ளைக கேக்கது நியாயம், குடுத்துருன்னு சொல்லிட்டாரு. ஆக, இந்தக் கேள்விய ஒருத்தன் ஏற்கெனவே கேட்டு, பதிலும் வாங்கி, எழுதியும் வச்சாச்சு. ஒங்கப்பன் புதுசா உபவாசம் இருந்து தொண்டைய வறள வைக்க வேண்டாம்.

ஒங்கப்பன் என்ன சொல்லுவான்னு தெரியும். "அவனுக்கு ஆம்பளப் பிள்ள இல்ல, எனக்கு அது பொருந்தாது"ம்பான். வேதத்துல ஓட்ட தேடும்போது மட்டும் அவனுக்கு வக்கீல் மூள வந்துரும். சரி, வெள்ளக்காரன் சட்டத்தக் கேளு. 1925-ம் வருசத்து வாரிசுச் சட்டம் நம்ம கிறிஸ்தவங்களுக்கு. உயில் இல்லன்னா மவனுக்கும் மவளுக்கும் சரிபங்குன்னு அப்பவே போட்டாச்சு. பக்கத்துக் கேரளத்துலயாவது திருவிதாங்கூர்ச் சட்டம்னு ஒரு சாக்கு இருந்துச்சு. அதையும் மேரி ராய்னு ஒரு அம்மா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1986-ல உடச்சாவ. ஆண்டவரும் சொல்லிட்டாரு, அரசாங்கமும் சொல்லிட்டு. இன்னும் ஆரு வந்து சொல்லணும்னு ஒங்கப்பன் காத்திருக்கான்?

நான் பாத்த வரைக்கும் நம்ம சனத்துக்குச் சித்தம் தெரியாம இருக்கது அபூர்வம்லே. தெரிஞ்சது பிடிக்கல. அதான் தெரியாத இடத்துல போய்த் தேடுதோம். எந்த ஊர்ல வேல, எந்தத் தேதியில கிரகப்பிரவேசம், எந்த நிறத்துல காருன்னு முழங்காலு தேய ஜெபிப்போம். கூலி, பங்கு, பொய்க் கணக்கு, பேசாம இருக்கிற அண்ணன் தம்பி, இதப் பத்தி ஒரு ஜெபக் குறிப்பும் வராது. கேக்காமலே பதில் தெரியும்ல, அதான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு கூத்து இருக்கு. கெட்டது நடந்தா உடனே ஆண்டவர் தலையில போட்டுருவாவ. போன மாசம் குடிச்சிட்டு லாரி ஓட்டுனவன் ஒருத்தன் மோதி, அந்தப் பனையேறி பய செத்தான்லா? அடக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு பெரிய மனுசன், அவன் விட்டுட்டுப் போன சின்னப் பொண்ணுட்ட, "கர்த்தர் சித்தம்மா, ஏத்துக்கோ"ங்கான். எனக்கு வந்த கோவத்துக்கு வெத்தல எச்சியத் துப்ப இடம் தேடிக்கிட்டு இருந்தேன். குடிச்சது லாரிக்காரன், குடிக்கத் துட்டுக் குடுத்தது அவன் மொதலாளி, பழி ஆண்டவருக்கா? அந்தப் பொண்ணுக்கு அரிசி கொண்டு போய்க் குடுக்கதுதான் அங்க சித்தம். அத அந்தப் பெரிய மனுசன் செய்யல. அவனுக்கு மட்டும் வசனம் நல்லா வரும்.

கீழ்ப்படியிறவன் கண்ணு கலங்கக் கூடாதுன்னும் ஒரு கூட்டம் சொல்லுது. கெத்செமனேயில இயேசுவே அழுது, வேர்த்து, இது வேண்டாமேன்னு தகப்பன்ட்டக் கேட்டாரு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. ஆசைய மறைக்கல. ஆனா ஒண்ணு, மூணு தடவயும் ஒம்ம இஷ்டம்னு சேத்துத்தான் கேட்டாரு. பிலேயாமும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டான், இவரும் திரும்பத் திரும்பக் கேட்டாரு. வித்தியாசம் என்னன்னு கனடாவுக்குப் போற விமானத்துல உக்காந்து யோசி, நேரம் நெறயக் கிடைக்கும்.

பொறுமையும் இல்ல ஒங்களுக்கு. கால்டுவெல் ஐயரு இடையன்குடிக் கோயில 1847-ல ஆரம்பிச்சு 1880-ல முடிச்சாவ. 33 வருசம். நீ மூணு நாள் உபவாசம் இருந்துட்டு, நாலாம் நாள் காலையில மெயில் வரலன்னு ஆண்டவர்ட்ட முறுக்கிக்கிட்டு நிக்க. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல விழுந்தாவ. சுகத்துக்கு எவ்வளவோ பேரு ஜெபிச்சாவ. 1951-ல சாகிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையில கிடந்தே புத்தகம் புத்தகமா எழுதுனாவ. நாம கேட்ட சுகம் வரலன்னா ஆண்டவர் இல்லன்னு ஆயிருமா? அந்த அம்மா அப்பிடி நெனைக்கல.

நம்ம வெள்ளாளன்விள அசரியாவ எடுத்துக்கோ. 1874-ல பிறந்தவரு. 1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சதுல முன்னால நின்னவரு. வெள்ளக்காரன் மட்டுமா சுவிசேஷம் கொண்டு வரணும், நாமளும் ஆள் அனுப்புவோம்னு ஊர் ஊராப் பேசுனாரு. மத்தவனப் போகச் சொல்லிட்டு நம்ம திண்ணையில இருந்துக்கிட்டா முடிஞ்சி போச்சு. நம்ம ஊர்ல முக்காவாசி ஊழிய பாரம் அப்பிடித்தான் ஓடுது. இவரு அப்பிடி இருக்கல. ஒய்.எம்.சி.ஏ.யில நல்ல செயலாளர் உத்தியோகம். அத விட்டுட்டு 1909-ல குருப்பட்டம் வாங்கி, தெலுங்கு தேசத்துல தோர்ணக்கல்லுன்னு ஒரு வெயில் காட்டுக்குப் போனாரு. பாஷ படிச்சாரு. 1912-ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப்பா ஆனாரு. ஓட்டுக் கேட்டு ஆகல, அதயும் கவனிச்சுக்கோ. இன்னைக்குத் திருமண்டலத் தேர்தல்ல ரெண்டு அணியும் ஆண்டவர் சித்தம்னு நோட்டீஸ் அடிக்காவ. தோத்தவன் சித்தத்தத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போறான். அதப் பேச ஆரம்பிச்சா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், விடு.

நீ கேக்கது என்ன? அஞ்சு வருசம் கழிச்சு எங்க இருப்பேன், வேல நிக்குமா, கல்யாணம் ஆகுமா, எல்லாம் இப்பவே தெரியணும். ராத்திரி விளைக்குள்ள டார்ச் அடிச்சு நடக்கவனுக்கு அடுத்த எட்டுதாம்லே தெரியும். அந்த எட்ட வைச்சாத்தான் அதுக்கடுத்தது தெரியும். நீ முத எட்டுலயே நின்னுக்கிட்டு, வெளிச்சம் பத்தலன்னு கம்பெனிக்காரன ஏசுத.

ஒனக்கு முத எட்டு நல்லாத் தெரியுது. சாத்தான்குளத்துல இருக்கு. கனடாவுக்குச் சித்தமான்னு என்ட்டக் கேக்காத, எனக்குத் தெரியாது, தெரியும்னு சொல்லவன் பொய் சொல்லுதான். ஆனா அத்த பங்குத் துட்ட மடியில கட்டிக்கிட்டுப் போறது சித்தமான்னு கேட்டா, அதுக்கு ஜெபமே வேண்டாம்.

ஒங்கப்பன்ட்ட நானே பேசுதேன், நீ பயப்படாத. ஆனா நீயும் வாயத் திறக்கணும். துட்டு ஒனக்காகத்தான் வாங்கியிருக்கு. அந்த விடுதலப் பத்திரத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, ஒழுங்கா பாகப்பிரிவின எழுதச் சொல்லு. அத்தைக்கு இப்பவே இங்கன இருந்தே போன் போடு, நம்பர் என் டைரியில முதப் பக்கத்துல இருக்கு. சார்பதிவாளர் ஆபீசு திங்கக்கிழம திறந்திருக்கும். ஒனக்கு விமானம் வெள்ளிக்கிழமதான?