‘பெரியம்மா’ என்பதிலுள்ள ‘பெரிய’: ஓர் ஆராய்ச்சி

கண்ணியம் வாய்ந்த முதிய பெண்மணியைக் குறிக்கத் தக்க விசேஷணம் யாது என்று பாட்டியல் நூல்களைப் புரட்டுவோர் ஏமாற்றமே அடைவர். பேதை முதலாகப் பெண்டிர்க்கு ஏழு பருவம் வகுத்து, மங்கைக்கு 12, 13 என இரண்டே ஆண்டுகளை வெகு நுட்பமாக அளந்து கொடுத்த அப்பண்டிதர்கள், 32 முதல் 40 வரை பேரிளம்பெண் என்று எழுதியதோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார்கள். அதிலும், ‘பேர்’ என்று துணிந்த கை, உடனே நடுங்கி, ‘இளம்’ என்பதையும் செருகிக்கொண்டது. அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நாற்பதுக்கு மேல் இலக்கணம் செய்தவர்கள், இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய்வரும் பொதுஜனங்களே. “பெரியம்மா, செத்த தள்ளி உக்காருங்க” என்பது அவர்கள் சூத்திரம். இராஜபாளையத்து ராஜுக்களின் தெலுங்கில் இதுவே ‘பெத்தம்மா’ ஆகும்.

இந்தப் ‘பெரிய’ வயதைச் சுட்டுவதா? அன்று, தாயின் தமக்கை இருபது வயதுக் குமரியாயினும் குழந்தைக்குப் பெரியம்மாவே. அன்றியும், பூப்பெய்திய சிறுமியைப் ‘பெரிய மனுஷி ஆகிவிட்டாள்’ என்று ஊர் கொண்டாடுகிறது. பதின்மூன்றில் வந்த அப்பட்டம் நடுவே சொல்லாமல் மறைந்து, நரை கண்டபின் திரும்புகிறது. உருவத்தைச் சுட்டுவதோ என்றால், ஊரையே அதட்டும் பெரியம்மாக்கள் பலர் ஒற்றைநாடி சரீரமே. பெருமை என்பது பெரிய என்றாகுமிடத்து ஈற்றிலுள்ள ‘மை’ கெடும் என்பது நன்னூலார்க்கும் உடன்பாடு. கூந்தலிலும் அவ்வாறே கெடுவதை உரையாசிரியர்கள் ஏனோ கவனிக்கவில்லை.

மெய்ப்பொருளை அறிய ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போகவேண்டும். அவ்வூர் விஷ்ணுசித்தர், கருடன்மேல் காட்சி தந்த பரம்பொருளைக் கண்டு வரம் கேட்க மறந்து, இவ்வளவு அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறிப் பல்லாண்டு பாடினார். அதனாலன்றோ பெரியாழ்வார் ஆனார்! யசோதையாகி நின்று கண்ணனை நீராட அழைத்தவரும், பூச்சூட அழைத்தவரும் அவரே. ஆதலால், கேளாமலே பிறருக்காகக் கவலைப்படுவதும், அக்கவலையின் பேரில் அதட்டுவதும் ‘பெரிய’ என்பதன் லட்சணம் எனத் துணிகிறோம். பஸ்ஸில் அறிமுகமில்லாத பிள்ளையை, “கையை உள்ளே வைடா” என்று கடியும் அம்மையார் இவ்விலக்கணத்தைப் பூரணமாக நிறைவு செய்கிறார்.

எனினும் இவ்விசேஷணத்தைப் பிரயோகிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: இது பிறர் மனமுவந்து அளிப்பதாயினும், பெறுபவர் மனமுவந்து ஏற்பதும் அவசியம். ஐயம் தோன்றுமிடத்து ‘அக்கா’ என்றே கூறுக.