மீனுக்கு வேர்க்கக் கூடாது

கத்திரி வெயில் தொடங்கினால் கொளத்தூரில் வாங்கிய தங்கமீனுக்குத்தான் முதல் மரியாதை. அதுதான் முறை. நீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையுமே! தொட்டி மூடியைக் கழற்றி, நீர்ப்பரப்பின்மேல் குட்டி மின்விசிறியைச் சாய்த்து ஓடவிட்டோம். நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. வற்றிய அளவுக்குக் கேன் தண்ணீர். நமக்குத்தான் லாரித் தண்ணீர் இருக்கிறதே. காற்றோட்டத்துக்கு ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. கொசு மீனைக் கடிக்காது. இன்வெர்ட்டரும் தொட்டிக்கே. மின்சாரம் போனால் தாத்தாவுக்குப் பனையோலை விசிறி உண்டு. அந்தக் காலத்து உடம்பு, தாங்கும்.

நேற்று அவராகவே வந்து, தொட்டியோரம் கட்டிலைப் போட்டு மீனைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன ஜீவகாருண்யம்! இருந்தாலும் விசிறியைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டோம், கட்டில் பக்கம் திரும்பாதபடி.