மருமோனுக்குச் சவர்க்காரப் பாடம்

என்ன மருமோன், கம்பசால வந்த நாள் தொட்டுக் காபொட்சிலேற்று எண்டு வாய் நிறையச் சொல்லித் திரியிறீர், தலையில மட்டும் நுரையைக் காணேல்லை! முற்றத்தில இருந்து பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். அரைக்கட்டிச் சவர்க்காரம் தேஞ்சுபோச்சு. தலையில பிசுக்கு, வாளி விளிம்பில வெள்ளையாய் ஒரு ஆடை. படிச்ச பிள்ளை, கிணத்தில பேயெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்.

உப்பெண்டால் நிலாவெளி உப்பளத்தில வாருறது மட்டுமில்லை, உம்மட கையில வழுக்கிற கட்டியும் உப்புத்தான். சேதன அமிலத்தின்ர ஐதரசனைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில ஒரு உலோகத்தை இருத்தினால் அதுதானே நீர் சொல்லுற காபொட்சிலேற்று? தேங்காயெண்ணெயில எரிசோடாவை விட்டுக் காய்ச்சினால் நடக்கிறதும் அதுதான். கொழுப்புக்குள்ள அமிலம் ஒளிச்சிருக்கிறதை 1823இல புத்தகமாய்ப் போட்டவர் செவ்ரூல் எண்ட பிரெஞ்சுக்காரர். மனிசன் நூற்றிரண்டு வயது வரைக்கும் இருந்தவர். நீரும் அப்பிடி இருக்கவேணுமெண்டால் முதல்ல ஈரத்தலையைத் துடையும்.

சோடியத்தோட இருக்குமட்டும் சவர்க்காரம் தண்ணியோட கொஞ்சும். எங்கட கிணத்தில கிடக்கிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டதும், சீதனம் கூடின வீட்டுக்குத் தாவிற மாப்பிள்ளை மாதிரி சோடியத்தை விட்டிட்டுப் போயிடும். பிறகு தண்ணியைத் திரும்பியும் பாராது. வாளியில கிடக்கிற ஆடை அதுதான்.

கடல்தண்ணி இன்னும் மோசம்: லீற்றருக்கு ஒண்டேகால் கிராமுக்கு மேல மக்னீசியம். 1957 வரைக்கும் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தில வெள்ளைக்காரக் கடற்படை கிடந்ததெல்லோ? அந்தக் காலத்துக் கப்பல்காரர் கடல்தண்ணியில குளிக்கத் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரந்தான் தேடினது. அந்த எண்ணெயில பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். 12 காபன் கொண்ட குட்டைச் சங்கிலி, உப்புத் தண்ணியிலயும் ஓரளவு நுரைக்கும். கப்பல்காரனுக்குத் தெரிஞ்சது கம்பசில சொல்லித் தரேல்லைப்போல.

அதுக்காகக் கல்சியத்தைத் திட்டாதையும். அந்த ஆடையின்ர சாதிதான் எண்ணெயோட சேர்ந்து கல்சியக் கிறீஸாகுது. தண்ணியில கழுவுப்படாமல் நிக்கிறதால இயந்திரக்காரர் அதை விரும்பினவை. உம்மைக் குளிக்கவிடாத குணம் அங்க சம்பளம் வாங்குது.

இப்ப, ஒரு தேசிக்காயைப் பிழிஞ்சு ஒரு கோப்பைத் தண்ணியில கலந்து தலைக்கு ஊத்தும், பிசுக்கு விடும். தேசிக்காயின்ர சித்திரேற்றும் உம்மட காபொட்சிலேற்றுக் குடும்பந்தான், கல்சியத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். நாளைக்கு மழைத்தண்ணிப் பரலில அள்ளிக் குளியும். மாமியின்ர ஷாம்பூவில மட்டும் கை வைக்காதையும். ஊத்தேக்க கண்ணை மூடும்.