அறுநூறு ரூபாய் மூக்கு

ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. எனக்கும் ஆகாது. எங்களுக்குள் ஒற்றுமை அத்தோடு சரி. அதற்குக் கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் விலை இருக்கிறது. எனக்கு வீட்டிலேயே கேட்பாரில்லை.

அந்தச் செடிக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாருங்கள். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டுக்கு அங்கிட்டு இறங்கினால், அதற்காகவே மலை முழுக்கப் பெரிய பெரிய மரங்கள் நிற்கின்றன. பாதி வெயில், பாதி நிழல் என்று கணக்கு. நிழல் கூடினால் காய் குறையும், குறைந்தால் இலை கருகும் என்று தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் கிளைகளைப் பார்த்துப் பார்த்துக் கழிப்பார்கள். மரம் போதாத இடத்தில் பச்சை வலை. 2024 கோடையில் இடுக்கிப் பக்கம் மழை தவறி ஏலத்தோட்டங்கள் காய்ந்தபோது, முதலாளிமார் செடியைப் பார்த்துக் கண் கலங்கியதை நானே பார்த்தேன். அதே வெயிலில் அவர்களுடைய கணக்குப்பிள்ளை கழுத்தெல்லாம் சிவந்து பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். எனக்கு யாரும் வலை கட்டவில்லை.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. குடியிருப்பு பொட்டிபுரம். ஏழு எம்எம் காயையும் எட்டு எம்எம் காயையும் சல்லடை இல்லாமல் கண்ணாலேயே பிரித்துவிடுவேன் என்று எனக்கு ஊருக்குள் கொஞ்சம் பேர் உண்டு. சர்க்கரை மட்டும் என் கண்ணுக்குத் தப்பி ஏறிவிட்டது. தினம் முக்கால் மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க நடக்கச் சொல்லி உத்தரவு. நான் நடக்கக் கிளம்புவது எட்டு மணிக்கு மேல். அதற்கு முன்னால் எழுந்தால் எனக்கு அன்றைய தினமே சரியாக அமையாது.

"விடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சுப் போனா வெயிலே இருக்காதுல்ல?" என்றாள் வீட்டுக்காரி.

பதில் இல்லாத கேள்விகளை விஞ்ஞானத்துக்குத் தள்ளிவிடுவது என் வழக்கம். எடுத்துப் பார்த்தால் விஞ்ஞானமும் அவள் கட்சி. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாகிவிட்டால், சூரியன் நாற்பத்தைந்து பாகைக்கு மேலே வந்துவிட்டது, இனி தோலுக்குக் கேடு என்று ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் கோடையில் ஒன்பதரைக்கெல்லாம் அந்த நிலைமை. பங்குனி, சித்திரை உச்சியில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். அட்டவணையில் அதற்கு மேல் கட்டமே கிடையாது. என் நிழலும் ஒன்பதரைக்கு ஒழுங்காகக் குட்டையாகிறது. அகலம் மட்டும் குறைந்தபாடில்லை.

மலைமேல் போய் நடக்கலாம், அங்கே குளுகுளுவென்று இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அதுவும் செல்லாது. சூடு வேறு, புற ஊதா வேறு. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். குளிருது என்று நிம்மதியாக நின்று கருகலாம். பிரான்ஸ் கிரைட்டர் என்ற ஆஸ்திரிய மாணவர் 1938இல் பிஸ் புயின் என்ற பனிமலையில் ஏறி இப்படித்தான் வெந்து இறங்கினாராம். அந்தக் கடுப்பில் ஆராய்ச்சி செய்து 1946இல் வெயில் களிம்பு விற்க ஆரம்பித்தார். இன்றைய அளவில் அதன் காப்பு வெறும் 2 என்கிறார்கள். அதற்கு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஏறியிருக்கலாம்.

எனக்கு வெறும் சிவப்போடு நிற்கவில்லை. வெயில் பட்ட இடமெல்லாம் பொரிப் பொரியாகக் கிளம்பி, ராத்திரியெல்லாம் சொறிச்சல். மாமியார் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தயிரில் குழைத்துப் பூசச் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனிலேயே அலறினாள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளமே கிளம்புமாம். "ப்பா, பேசாம தோல் டாக்டரைப் போய்ப் பாருங்க."

துணைக்கு மச்சானைக் கூட்டிப்போனேன். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

டாக்டர் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று ஒன்று சேர்ந்திருந்தது. சிலருக்கு அது தோலை வெயில் தாங்காததாக ஆக்கிவிடும் என்றார். "நீங்களா நிறுத்திடாதீங்க. எழுதிக் கொடுத்தவர்ட்ட கேட்டு மாத்திக்கங்க." அதுவரை சரிதான். அடுத்து என் தலையை ஒரு தரம் பார்த்தார்.

"டை அடிக்கிறீங்களா?"

மச்சானிடம் நான் காலங்காலமாகச் சொல்லிவந்தது நல்லெண்ணெய், கரிசலாங்கண்ணி, பரம்பரை. அவரும் அதை நம்பி, வாராவாரம் கரிசலாங்கண்ணி பறித்து அரைத்து, வழுக்கையாகவே ஆகிவிட்டவர். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் விடவில்லை. முடிச்சாயத்தில் இருக்கும் பிபிடி ரசாயனம் நம் ஊரில் நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, பழைய வெயில் களிம்புகளில் இருந்த பாபா என்ற சரக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அதனால்தான் கேட்கிறேன் என்றார். "ஆமா" என்றேன், தலை நமைச்சலோடு. மச்சான் பஸ்ஸில் திரும்பி வரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். சன்ஸ்கிரீன் வாங்கப் போய் ஒரு உறவு போயிற்று.

களிம்பு வாங்க டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: வாசனை சேர்க்காதது, துத்தநாக ஆக்சைடோ டைட்டேனியம் டை ஆக்சைடோ உள்ளது, எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 30க்குக் குறையாதது, வேர்வைக்கு நிற்பது. தாதுப்பொடி தோலின் மேலேயே நிற்கும். எரிச்சல் கிளப்புவது குறைவு. ஆக்சிபென்சோன் மாதிரி ரசாயன வடிகட்டிகள் என் மாதிரித் தோலுக்கு வம்பு.

மெடிக்கல் ஷாப்பில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. எங்கள் தொழிலில் ஐம்பது சத வலை என்றால் பாதி வெயிலை நிறுத்தும், எழுபத்தைந்து என்றால் முக்காலை நிறுத்தும். எண்ணைப் பார்த்தால் சரக்கு தெரியும். அந்த நினைப்பில் எஸ்பிஎஃப் 50ஐப் பாதி நிழல் என்றும், 30ஐ ஓட்டை வலை என்றும் மதிப்பிட்டு, நூறு இருக்கா என்று அதட்டலாகக் கேட்டேன். கடைப் பையன் பொறுமைசாலி. 30 போட்டது சிவக்க வைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தை நிறுத்துமாம், 50 போட்டது 98ஐ. இருபது எண் ஏறினால் ஒரே ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கூட. உள்ளே இறங்கித் தோலைக் கிழடாக்கும் கதிருக்குத் தனிக் கணக்கு. பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள், நாலு வரைக்கும், ஜப்பான்காரர்கள் வைத்த முறை. எட்டு எம்எம்முக்கு மேல் பார்க்காத கண் கூசிப்போய், ஐம்பது கிராம் ட்யூப் ஒன்றை அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் வந்து கணக்கு எழுதினேன். கிராம் பன்னிரண்டு ரூபாய். கிலோ பன்னிரண்டாயிரம். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது போடியே கால் தரையில் படாமல் நடந்தது. நான் மூக்கில் தடவுவது அதைவிட ஐயாயிரம் கூட.

தடவுகிற அளவில்தான் பேராபத்து. அட்டையில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. சிக்கனமாகப் பூசினால் எண்ணும் சிக்கனமாகிவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்க வேண்டும் என்றாள் மகள். அது ஏறக்குறைய இரண்டு கிராம், இருபத்துநாலு ரூபாய். நான் கோயிலில் சந்தனம் வாங்குகிற அளவுக்குத் தொட்டு மூக்கு நுனியிலிருந்து காது வரை இழுத்தேன். வீடியோவில் பார்த்துவிட்டாள். "அதுக்கு அந்த ட்யூபைக் கையில பிடிச்சுக்கிட்டே நடக்கலாம்ப்பா, நிழலாச்சும் விழும்."

அதற்கும் முன்னால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு வாரம் பூசி, பொரி கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலுக்கு வாங்கியதை வெயிலே காணாத இடத்தில் பூசிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் பூராவும் நடை கிடையாது. இந்தச் சோதனையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கலாம் என்பது என் அபிப்பிராயம், வீட்டில் ஏற்கவில்லை.

பின்னட்டையைப் படித்துவிட்டு வீட்டுக்காரி ஒரு குண்டு போட்டாள். "துத்தநாகமா? பேரனுக்கு இடுப்புல புண்ணானப்ப தடவுனமே, அந்தக் களிம்புலயும் இதான இருக்கு?" இருக்கிறதுதான். காலமைன் லோஷனிலும் இருக்கிறது. ஆனால் அவற்றை வெயிலுக்கு அளந்து சோதித்தவர் கிடையாது என்று வாதாடிப் பார்த்தேன். அறுநூறு ரூபாய்க்குப் பிள்ளைக் களிம்பு என்றே வீட்டில் பதிவாகிவிட்டது.

கடைசியில் சரியான அளவில் பூசிக்கொண்டு தெருவில் இறங்கினேன். துத்தநாகம் வெள்ளை நிறம். நான் நல்ல கறுப்பு. இரண்டும் சேர்ந்தால் சாம்பல். வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்ட் மூக்கிலும் கன்னத்திலும் இதையே அப்பிக்கொண்டு ஓடி வந்தபோது பேட்ஸ்மேன்கள் நடுங்கினார்கள். நான் வந்தபோது டீக்கடையில், "என்னண்ணே, வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு மிச்சமா?" என்றார்கள். நிறம் கலந்தது கிடைக்கும், இரும்பு ஆக்சைடு சேர்த்தது, வாங்கியும் பார்த்தேன். அந்த நிறத்தில் எங்கள் தாலுகாவில் ஆளே கிடையாது.

வேர்வை தனி அத்தியாயம். தண்ணீருக்குத் தாங்கும் என்றால் நாற்பது நிமிஷமோ எண்பது நிமிஷமோதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடி பூச வேண்டும். துடைத்தால் துடைத்ததோடு போயிற்று. நான் ஐம்பதடிக்கு ஒரு தரம் துண்டால் முகத்தைத் துடைக்கிறவன். என் துண்டுக்கு இதுவரை வெயிலில் ஒன்றும் ஆகவில்லை.

நடக்கிற வழியில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்ததும் பொட்டிபுரம் உலகப் படத்தில் ஏறியது. பிறகு எதிர்ப்பு, பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று போய், மலை இன்னும் குடையப்படாமல் நிற்கிறது. அந்த வழக்கில் யார் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டு பக்கத்திலும் சம்பந்திகள். ஆனால் நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்க உள்ளே உட்காரவிருந்த கருவிமேல் எனக்குத் தீராத பொறாமை. ஐம்பதாயிரம் டன் இரும்பு. ஆனாலும் தோல் ரொம்ப மென்மை. விண்ணிலிருந்து விழுகிற மற்றத் துகள்கள் மேலே பட்டால் அதற்குக் குழம்பிவிடும். அதற்காக எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறைக்குக் குறையாமல் காப்பு வேண்டுமென்று இந்தியா முழுக்கத் தேடி இந்த மலையைப் பிடித்தார்கள். ஐம்பதாயிரம் டன்னுக்கு ஒரு மலை. எண்பத்தேழு கிலோவுக்கு ஐம்பது கிராம்.

அந்த நியூட்ரினோவுக்கு எந்தக் களிம்பும் கிடையாது. சூரியனிலிருந்து மட்டும் ஒரு வினாடிக்கு, கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஏறக்குறைய 6,500 கோடி பாய்ந்து போகிறது. ராத்திரி சூரியன் பூமிக்கு அடியில் இருக்கும்போதும் தரையைத் துளைத்து, கட்டிலைத் துளைத்து, முதுகு வழியாக ஏறி வருகிறது. ஒன்றும் செய்யாது, வந்த சுவடே தெரியாது. இதை ராத்திரி வீட்டுக்காரியிடம் விளக்கினேன். "அதுக்கும் ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்துறாதீங்க" என்று திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அஞ்சரைக்கு என்னை எழுப்பியும் விட்டாள். போர்வையை உருவினால் எழுந்துதானே ஆக வேண்டும். சூரியன் வர இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் வெயிலில் இறங்க இருபது நிமிஷம் முன்னாடியே பூசவும் என்று அட்டையில் இருக்கிறது. வாங்கிய பொருளை வீணாக்கும் வம்சம் நான் இல்லை. முழு அளவில் பூசிக்கொண்டு கிளம்பினேன்.

விலக்கில் தோட்டத்து ஜீப்புக்குக் காத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். காய் எடுக்க மலைக்குப் போகிறவர்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை பூட்டியிருக்கிறது. தலையில் துண்டு, அதைக் காதையும் கழுத்தையும் மூடிக் கட்டியிருக்கிறார்கள். பூச வேண்டிய இடம் என்று மிச்சமிருப்பது மூக்கு மட்டும்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த உடுப்பில் என் ட்யூப் ஒன்று ஆறு மாசம் வரும். என் வீட்டுப் பீரோவில் முழுக்கைச் சட்டை ஏழோ எட்டோ மடித்தபடி கிடக்கிறது. நான் தோள் தெரிகிற பனியனில் நின்றிருந்தேன், விளையாட்டு வீரன் மாதிரி இருக்கட்டும் என்று.

அவர்களில் மூத்த அம்மா ஒருத்தர் என் முகத்துப் பக்கம் டார்ச்சை அடித்தார். "என்ன தம்பி, மூஞ்சில?"

"வெயிலுக்குப் பூசுறதும்மா."

வானத்தை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டினார். ட்யூபைக் கொடுத்தேன். ஒரு பொட்டு எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். பக்கத்துப் பெண்ணிடம் நீட்டினார். அவளும் முகர்ந்து உதட்டைப் பிதுக்கினாள். ஆயுசு பூராவும் ஏலக்காய் எடுத்த மூக்குகள். வாசம் இல்லாத காயை அவர்கள் கூடையிலேயே போடுவதில்லை.

"என்ன விலை?"

"அறுநூறு."

"வாசமே இல்லையேப்பா" என்றார் அந்த அம்மா, ட்யூபைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "பழைய சரக்கு. ஏமாத்திப்புட்டாய்ங்க தம்பி."