மடுல்கெல்லவில் ஒரு நட்சத்திர ஆமை

கேள்வி: புத்தளத்துக்குப் போன மச்சான் ஒரு நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். பாண், சோறு, வாழைப்பழம் எல்லாம் தின்கிறது. வேறென்ன கொடுக்கலாம்?
– வாசகி, மடுல்கெல்ல

பதில்: பாணும் சோறும் நமக்கு, தங்கச்சி, ஆமைக்கு இன்றோடு நிறுத்துங்கள். வறண்ட காட்டில் புல்லும் இலையும் மேய்வதற்கென்று அமைந்த குடல் அது. புல், செவ்வரத்தை இலையும் பூவும், முள் நீக்கிய நாகதாளி கொடுங்கள். தேயிலைக்குப் பக்கத்தில் மட்டும் பறிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள். பழம் எப்போதாவது ஒரு துண்டு. கணவாய் ஓட்டை அருகில் வைத்தால் தானே கொறித்துச் சுண்ணாம்புச் சத்தைத் தேடிக்கொள்ளும். ஆனால் வெயில் படாவிட்டால் அந்தச் சத்து உடம்பில் ஒட்டாது; முதுகோடு மெத்தென்றாகிவிடும். நக்கிள்ஸ் பனிமூட்டத்தில் வெயிலுக்கு எங்கே போவீர்கள்? குளிரும் ஈரமும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் சளிக்குமிழி தெரிந்தால் உடனே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம், இலங்கையில் நட்சத்திர ஆமை சட்டப் பாதுகாப்புள்ள உயிரினம். வீட்டில் வளர்க்க முடியாது. கடத்தல் மிகுந்ததால் 2019இல் ஜெனீவா மாநாட்டில் அதன் சர்வதேச வணிகத்தையும் தடை செய்தார்கள். அடுத்த முறை மச்சானைப் புத்தளத்துக் கருவாட்டோடு வரச் சொல்லுங்கள், வீடே மணக்கும். ஆமையைத் தோட்டத்துக்குள் விட்டுவிடாதீர்கள், பிழைக்காது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் வனஜீவராசிகள் திணைக்களத்தில் ஒப்படையுங்கள்.