எத்தனை நொடி ஆடிச்சி?

2001 செப்டம்பர் 25, ராத்திரி எட்டரை மணி. காட்டுப்பள்ளிக் குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் நைனா கிழிந்த வலையை மடியில் போட்டு முடைந்துகொண்டிருந்தார். தலைக்கு மேலே தொங்கிய லாந்தர் ஆடத் தொடங்கியது. அன்றைக்குப் பொட்டுக் காற்று கிடையாது. உள்ளே எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. "யார்ரா அது கட்டில ஆட்டுறது?" என்று ஆயா உள்ளேயிருந்து கத்தினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை.

அடுத்த நிமிஷம் குப்பம் மொத்தமும் மணலில் நின்றது. மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துவிட்டது என்றார் ஒரு மாமா. கடலுக்குள் கப்பல் மோதியிருக்கும் என்றார் இன்னொருவர். மறுநாள் பேப்பரில்தான் விஷயம் தெரிந்தது. புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் மையம், ரிக்டரில் ஏறக்குறைய ஐந்தரை. சென்னையில் பூகம்பமா என்று ஊரே வாயைப் பிளந்தது. அடுத்த வருஷம் இந்தியத் தர நிர்ணயப் பணியகம் நிலநடுக்க வரைபடத்தைத் திருத்தி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு ஏற்றியது.

எங்களுக்கோ அந்த ஐந்தரை ஒரு எடைக்கல்லாகிவிட்டது. தட்டு கலகலத்தால் ஐந்தரை. அதற்குக் குறைந்து ஆடினால் ஐந்தரைக்குக் கீழே. எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

மூன்று வருஷம் கழித்து 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனா, "தல சுத்துதுடா" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கிறுகிறுத்தது. குடத்துத் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்தது. தொட்டிலைக் காலால் தள்ளிவிட்டது போன்ற ஆட்டம். தட்டு ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. நடந்துகொண்டிருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

வாசலில் கூட்டம் கூடியது. எத்தனை இருக்கும் என்று என்னைத்தான் கேட்டார்கள். காலேஜில் படிக்கிறவன் நான் ஒருவன். "அன்னிக்கு அளவுக்கு இல்ல. நாலு இருக்கும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். டீ வந்தது. நாலா, நாலரையா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் கடல் வந்தது. கட்டுமரம் போயிற்று, வலை போயிற்று. நாங்கள் உயிரோடு தப்பினோம். இந்தக் கரை நெடுக எத்தனையோ குப்பங்களில் அதுகூட வாய்க்கவில்லை.

நான் நாலு என்று சொன்னது சுமத்ராவில் 9.1. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் என் மதிப்பீடு ஏறக்குறைய நான்கரைக் கோடி மடங்கு தவறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எங்கே தவறினேன் என்பது பிறகு படித்துத்தான் புரிந்தது. ஆடி மாசத்தில் பக்கத்துக் குப்பத்து அம்மன் கோயிலில் ஸ்பீக்கர் கட்டினால், கிட்டே போய் நின்றால் பாட்டு, உடுக்கை, சலங்கை எல்லாம் காதில் விழும். இரண்டு மைல் தள்ளி வந்தால் கும் கும் என்ற அடி மட்டும்தான் வரும். நில அதிர்வும் அப்படித்தான். படபடக்கிற சிறு அலைகள் வழியிலேயே செத்துவிடும். நீளமான, நிதானமான அலைகள்தான் 2,000 கிலோமீட்டர் தாண்டி வந்து சேரும். அந்த அலையைக் கிளப்ப ஒரு பெரிய பூகம்பத்தால்தான் முடியும். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி கிழிந்தது. கிழிந்து முடிக்கவே பத்து நிமிஷம் போல ஆகியிருக்கிறது. வெடுக்கென்று உலுக்கிவிட்டுப் போவது பெரும்பாலும் பக்கத்துச் சின்ன ஆட்டம். தட்டைக்கூட எழுப்பாமல் நிதானமாக, நெடுநேரம் தாலாட்டுவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நாங்கள் அளந்தது தவறு என்றாலும் அளந்த முறை தவறில்லை. இத்தாலியப் பாதிரியார் மெர்க்காலி 1902இல் வகுத்த அளவுகோலும் இதைத்தான் பார்க்கிறது. தொங்கும் பொருள் ஆடியதா, பாத்திரம் சத்தம் போட்டதா, தூங்கினவர் எழுந்தாரா என்று. ஆயா கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அது, நாம் நிற்கிற இடத்தில் ஆட்டம் எப்படி இருந்தது என்று மட்டுமே சொல்லும். எங்கோ நடந்தது எவ்வளவு பெரிது என்று சொல்லாது. இந்த ஒரு வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த டீயைக் குடித்திருக்க மாட்டோம்.

2012 ஏப்ரல் 11 மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மறுபடி அதே கிறுகிறுப்பு. இந்த முறை யாரும் நம்பர் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அளவு 8.6. கடலடிப் பாறைகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் பெரிய அலை எழும்பவில்லை. வீணாக ஓடினோமே என்று சாயங்காலம் ஒருவர் அலுத்துக்கொண்டார். நைனா அவரை முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது கடற்கரையில் துறைமுகம் இருக்கிறது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது. நாங்கள் ரோட்டை ஒட்டிய மாடி வீட்டில் இருக்கிறோம். ராத்திரி பகல் என்று பார்க்காமல் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. 2019 பிப்ரவரி 12 காலை ஏழு மணிக்கு வங்கக்கடலில் 5.1 அளவில் ஆட்டம், சென்னையில் பலரும் உணர்ந்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தம்பி போனைப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் தெரியும். கண்ணாடி நடுங்கியிருந்தால் ட்ரெய்லர் என்று நினைத்திருப்போம். அந்தக் காலத்தில் நிலம் அசைந்தால் உடனே தெரிந்தது, நம்பர்தான் தெரியவில்லை. இன்றைக்கு நம்பர் எல்லார் கையிலும் இருக்கிறது.

ஹைதராபாத்தில் 2007இலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதை நம்புகிறேன். ஆனாலும் போனில் சார்ஜ் இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கிறதே. சமையல்கட்டு மேடையில் வாய் அகன்ற ஒரு பித்தளைச் சொம்பில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். ட்ரெய்லர் போனால் தண்ணீரின் மேல் பொடிப்பொடியாக வளையம் விழும், உடனே அடங்கும். பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தால் எண்ண வேண்டும் என்று தம்பி மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருபது வந்தும் நிற்கவில்லை என்றால் யாரையும் கேட்காமல் கடலுக்கு முதுகு காட்டி ஓட வேண்டும்.

நேற்று ஒரு லாரி போனது. அவள் சொம்பின் மேல் குனிந்து, ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்தாள். மூன்றில் தண்ணீர் அடங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "லாரிதான் பெரியப்பா" என்றாள்.