பாட்டியின் தாலாட்டு

கேள்வி: பாட்டி பாடும் தாலாட்டை மொபைல் ஆப்பில் பதிவு செய்கிறேன். போன் வந்தால் பதிவு நின்றுவிடுகிறது. குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். தாலாட்டின் நடுவே லோன் வேண்டுமா என்று கேட்பவருக்கு இடமில்லை! புளூடூத் இயர்போன் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அதன் மைக் பல போன்களில் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸில்தான் பதிவு செய்யும். கிணற்றுக் குரலுக்கு அது போதும். ஆப்பில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அது, பாட்டி இழுக்கும் ‘ஆராரோ’வின் மெல்லிய முடிவையும் இரைச்சலென்று வெட்டிவிடும்.

வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ போதும். மணிக்குச் சுமார் 345 எம்பி ஆகும். போனில் இடம் பாருங்கள். வேவ் கோப்பின் மொத்த நீளம் பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதுதான் அதன் தலைப்பகுதியில் எழுதப்படும். அதற்குள் ஆப் நின்றுபோனால் கோப்பு திறக்காமல் போகலாம். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் பாட்டியிடமிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். பாட்டிக்கு வியர்த்தால் பேரப்பிள்ளைகள் ஓலை விசிறியால் மெதுவாக வீசட்டும். பதிவு முடிந்த அன்றே இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.